பழைய லெப்டொப் வேண்டாம், ஒரு காம்பரா பிடித்துத் தாருங்கள்

இரத்தினபுரி, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலைத் தோட்டங்களில் பிறந்து, இன்று கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் கொம்பியூட்டர் வேலையில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நீங்கள் சேர்த்து அனுப்பிய ஒன்பது லெப்டொப்பும் தைப்பொங்கலுக்கு முந்திய வாரமே பத்திரமாக வந்து சேர்ந்தன. தோட்டத்து லொறியில் ஏற்றி, மழை படாமல் படங்கு போட்டு, பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து வாசிகசாலையில் இறக்கினோம். அன்றைக்கு இருட்டும் வரை பிள்ளைகள் வீட்டுக்கே போகவில்லை. மூன்றில் உயிர் இல்லை. இரண்டில் ஹார்ட் டிஸ்க் கழற்றப்பட்டிருந்தது. அலுவலக விதி அப்படித்தான் இருக்கும், புரிகிறது. மிச்சம் நான்கிலும் விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கிற 4 ஜீ.பி. நினைவகமோ டி.பி.எம். 2.0 சில்லோ இவற்றில் இல்லை.

உங்கள் அன்பில் குறை காண்பதற்காக இதை எழுதவில்லை. அந்த ஒன்பதையும் தேடிப் பிடித்து, பெட்டி கட்டி, சுங்கம் தாண்டி அனுப்ப எவ்வளவு அலைந்திருப்பீர்கள் என்று தெரியும். அதனால்தான் இப்போதே சொல்லிவிட நினைக்கிறேன். அடுத்த முறை காசு சேர்க்கும்போது லெப்டொப் தேட வேண்டாம். அந்தக் காசில் ஒரு சின்ன சேர்வருக்கு மாதாமாதம் வாடகை கட்டுங்கள். சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலமும் தாருங்கள். நாங்கள் ஒரு வருடமாக அப்படி ஒரு சேர்வரில்தான் படிக்கிறோம்.

எங்கள் பிள்ளைகளுக்குத் திரை இல்லாத குறை இல்லை. 2020, 2021 இல் பள்ளிக்கூடங்களைப் பூட்டியபோது தாய்மார் தோட்டை அடகு வைத்து ஸ்மார்ட்போன் வாங்கினார்கள். சிக்னலுக்காகப் பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறினார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தப் போன் வீட்டில் இருக்கிறது. மேசைக் கொம்பியூட்டர்தான் இல்லை.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்தவள். தாய் கொழுந்து எடுக்கிறார், தகப்பன் இறப்பர் மலையில் பால் வெட்டுகிறார். பைதனை அவள் சீ.ஆர். கொப்பியில் எழுதிப் படித்துக்கொண்டிருந்தாள். பைதனில் ஒரு வரியை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதில்தானே பொருளே இருக்கிறது? அவள் 'ஃபோர்' என்று தொடங்கும் வரிக்குக் கீழே பென்சிலால் நான்கு சிறு புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளுக்கு அப்பால் பேனாவால் எழுதியிருந்தாள். பக்கம் பக்கமாக, ஒரு புள்ளி கூடத் தவறவில்லை. ஆனால் ஒரு நிரலைக்கூட அவள் ஓட்டிப் பார்த்ததில்லை. கொப்பி பிழை சொல்லாது. நிரல் எழுதுவதே பிழையைக் கண்டு திருத்துகிற வேலைதான், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போனிலேயே பைதன் ஓட்டலாமே என்பீர்கள். ஓட்டலாம், ஓட்டினோம். ஆனால் உயர்தரப் பாடத்திட்டத்தில் தரவுத்தளம் இருக்கிறது, எச்.டி.எம்.எல். இருக்கிறது, இயங்குதளம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பைல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் “கெலரியில, சேர்” என்பார்கள். கோப்புறைக்குள் கோப்புறை என்ற எண்ணமே போனில் வராது; போன் அதை ஒளித்து வைத்திருக்கிறது. இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றைப் பார்த்து மற்றதில் எழுதுவது, வலது சொடுக்கு, கட்டளை வரி, அனுமதி மறுக்கப்பட்டது என்று வரும் செய்தி, எல்லாமே மேசைக் கொம்பியூட்டரில் கைபழகி வருபவை. கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வில் இந்தத் தடுமாற்றம் எங்கள் பிள்ளையின் கையில் தெரியும்போது, அவளுக்கு அறிவு குறைவு என்று எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்வார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

சேர்வர் என்றதும் பெற்றோர் பயந்தார்கள். கடன் பத்திரம் ஏதும் உண்டா என்று ஒரு தாத்தா கேட்டார். அவர்களிடம் லயத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தில் பலம் வாய்ந்த ஒரு கொம்பியூட்டர் இருக்கிறது. அது ஒரு லயம். அதைக் காம்பரா காம்பராவாகத் தடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் ஒரு காம்பரா எடுத்து, உள்ளே மேசை நாற்காலி போட்டு, போனை ஜன்னலாக வைத்து எட்டிப் பார்க்கிறோம். வேலை அங்கே நடக்கிறது, இங்கே வருவது அதன் படம் மட்டும். “அப்ப எங்க வீட்ல கரண்டு போனா?” என்று ஒரு அம்மா கேட்டார். அங்கே போகாது அம்மா என்றேன். அந்தப் பதில்தான் அவர்களைத் திருப்பியது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்டு வெட்டியதை யார் மறப்பார்கள்?

லயத்து உவமை இன்னும் கொஞ்ச தூரம் போகும். சில மலிவு இடங்களில் காம்பராக்களுக்கு நடுவில் பலகைத் தடுப்புத்தான், கூரை எல்லாருக்கும் ஒன்று. கொள்கலன் முறை என்கிறோமே, அது. கேர்னல் அவர்களுடையது, நம் விருப்பத்துக்கு எதையும் மாற்ற முடியாது. கே.வி.எம். என்று போட்டிருந்தால் கல்லுச்சுவர். உள்ளே எந்த இயங்குதளத்தையும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கல்லுச்சுவர் இருந்தாலும் பீலி பொதுதான். காலையில் ஒரு வீடு தண்ணீர் பிடித்தால் குழாய் பாய்கிறது. மாலை ஐந்தரைக்கு முழு லயமும் வாளியோடு வந்தால் நூலாக ஒழுகுகிறது. நாங்கள் முதலில் எடுத்த சேர்வர் அப்படித்தான் இருந்தது. 'டொப்' கட்டளை அடித்தால் எஸ்.டி. என்று ஒரு எண் வருமே, நமக்குரிய சி.பி.யூ. நேரத்தில் பக்கத்து வீட்டுக்குப் போனது எவ்வளவு என்று காட்டுவது, அது எங்களுக்கு மாலையில் 30க்கு மேல் நின்றது. எங்கள் வகுப்பும் மாலையில்தான்.

அந்த முதல் காம்பராவின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் மலிவைப் பார்த்து ஏமாறக்கூடாது. மாதம் 2 டொலர், 1 ஜீ.பி. நினைவகம், இருப்பிடம் ஐரோப்பா. டெபியன் போட்டு, அதன் மேல் எக்ஸ்.எஃப்.சி.இ. மேசைத்தளமும் எக்ஸ்.ஆர்.டி.பி.யும் ஏற்றினேன். 1996 இல் தொடங்கிய எக்ஸ்.எஃப்.சி.இ. இன்றும் மெலிந்த உடம்போடு இருப்பதால்தான் அதைத் தேர்ந்தேன். ஒரு பிள்ளை நுழைந்தால் அரை ஜீ.பி.க்குக் கிட்டப் போகிறது. இரண்டாவது பிள்ளை வந்தாலும் தாக்குப்பிடிக்கிறது. யாராவது பயர்பொக்ஸைத் தொட்டால் எல்லாம் முடிந்தது. நினைவகம் தீர்ந்துவிட்டால் லினக்ஸ் தானாகவே ஏதாவது ஒரு நிரலைப் பிடித்துக் கொன்றுவிடும். சிலவேளை அது மற்றப் பிள்ளையின் வேலையாக இருக்கும். இரண்டு ஜீ.பி. ஸ்வாப் கொடுத்தேன். சாவது நின்றது, ஊர்வது தொடங்கியது. கடைசியில் ஒரு சட்டம் போட்டேன்: இணையத்தில் தேடுவதற்குப் போன் இருக்கிறது, சேர்வரில் உலாவி கிடையாது. இந்த ஒரு சட்டத்தால் கிடைத்த பயன் வேறெதிலும் கிடைக்கவில்லை. டேட்டாவும் மிச்சம். எழுத்து வேலை மட்டும் செய்தால் ஒரு மணித்தியாலத்துக்கு எங்களுக்கு நூறு எம்.பி. கூடப் போவதில்லை, திரை அசைந்தால்தான் படம் வர வேண்டும், அசையாவிட்டால் வருவதற்கு ஒன்றுமில்லை.

தூரத்துக்குத்தான் மருந்தே கிடையாது. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் போகும். ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்ப எங்களுக்கு 200 மில்லி செக்கனுக்குக் கிட்ட ஆனது. கேட்கச் சின்ன எண். தட்டச்சு அப்போதுதான் பழகும் பிள்ளைக்கு அது பெரிய எண். 'ப்' அடித்தாள், திரையில் வரவில்லை, இன்னொரு முறை அடித்தாள், இரண்டும் சேர்ந்து வந்தன, ஒன்றை அழித்தாள், இரண்டும் போயின. “நான்தான் பிழையா அடிக்கிறேனா சேர்?” என்று கேட்டாள். அந்த மாதமே சிங்கப்பூருக்கு மாறினோம். மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிளின் கிழக்கு முனை அங்கேதான். இறக்குவானையிலிருந்து தெனியாய வழியாக மாத்தறைக்கு பஸ்ஸில் போன எல்லாருக்கும் அந்த வளைவுகள் ஞாபகம் இருக்கும். பஸ் மாத்தறையை எட்ட எடுக்கும் நேரத்தில் எங்கள் எழுத்து சிங்கப்பூருக்கு எத்தனை இலட்சம் தடவை போய்வரும் என்று பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்தேன். இப்போது 70 மில்லி செக்கனுக்குள் வருகிறது. கைக்கும் கண்ணுக்கும் நடுவில் சண்டை இல்லை.

புதுக் காம்பரா 4 ஜீ.பி. வாடகை 6 டொலர், நம் காசில் 1,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனதே, அந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒன்றரை நாள் சம்பளத்துக்கும் குறைவு. ஆறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்காருகிறார்கள். ஒரு கூடத்தில் ஆறு லெப்டொப்பை வாங்கி வைத்து, அதற்கு யூ.பி.எஸ்., பற்றரி, பூட்டு, காவல் என்று பார்த்தால் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எங்கள் மழையையும் கணக்கில் சேருங்கள். 2017 மே வெள்ளத்தின்போது நான் டவுனில் ஒரு கடையில் வேலை செய்தேன். களுகங்கை வடிந்த பிறகு சி.பி.யூ. பெட்டிகளைத் திறந்து சேற்றைக் கரண்டியால் அள்ளினோம். அதற்குள் இருந்தவை யாருடைய வேலை, யாருடைய கல்யாணப் படங்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு பாரமாகிவிடும்.

தமிழைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மடல் முழுமையாகாது. முதல் நாள் அந்தச் சீ.ஆர். கொப்பிப் பிள்ளை தன் பெயரில் ஒரு கோப்புறை செய்தாள். திரையில் ஐந்து வெறும் கட்டம் வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தாள். புதிதாகப் போட்ட டெபியனில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் விஷயம். லோகித் தமிழையும் நோட்டோவையும் ஏற்றி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பித்து, அவளை வெளியேறி மறுபடி நுழையச் சொன்னேன். கட்டங்கள் இருந்த இடத்தில் அவள் பெயர் இருந்தது. விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தம்பி பெயரில் ஒன்று, தாய் பெயரில் ஒன்று, தோட்டத்தின் பெயரில் ஒன்று என்று செய்துகொண்டே போனாள். பாடம் அன்றைக்கு நடக்கவில்லை. நடத்த எனக்கும் மனம் வரவில்லை. விசைப்பலகையில் இலங்கைத் தரமான ரெங்கநாதன் அமைப்பையே பழக்குகிறேன். பழைய வினாத்தாள்கள் பாமினியில் இருப்பதால் திறந்தவுடன் ஆங்கில எழுத்துக் குவியலாக வருகின்றன. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்ற ஒரு சின்ன நிரலைப் பிள்ளைகளே எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எந்த வரிசையில் வருகிறது என்பதில் சிக்கி நிற்கிறது. உங்களில் ஒருவர் கைகொடுத்தால் ஒரு கிழமையில் முடிந்துவிடும்.

என் பிழை ஒன்றையும் எழுத வேண்டும். எக்ஸ்.ஆர்.டி.பி.யை 3389 துறையில் ஊர் உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பதிவேட்டைப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேல் நுழைவு முயற்சி: ரூட், அட்மின், டெஸ்ட் என்று எங்கெங்கோ இருந்து. ஒரு பிள்ளையின் கடவுச்சொல் அவள் பெயரும் பிறந்த வருடமும். அது உடையாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். அன்றைக்கே வயர்கார்ட் போட்டு, அதன் வழியாக வருபவர்களுக்கு மட்டும் கதவு திறக்கும்படி செய்தேன். போனில் ஒரு க்யூ.ஆர். படம் காட்டினால் போதும், பிள்ளைக்கு வேறு வேலை இல்லை. கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முழு வகுப்பும் எடுத்தேன். அதைப் பதிவேட்டைக் காட்டித்தான் தொடங்கினேன். புத்தகத்தில் எழுதியிருப்பதை விட அது உறைத்தது.

விண்டோஸ் போடலாமே என்று உங்களில் இரண்டு பேர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். போட முடியும், போடக்கூடாது என்பது என் முடிவு. மேசை விண்டோஸ் உரிமத்தை வாடகைச் சேர்வரில் நினைத்தபடி பயன்படுத்த இடமில்லை. விண்டோஸ் சேர்வர் எடுத்தால் நிருவாகத்துக்கு இரண்டு பேர்தான் ஒரே நேரத்தில் தொலைவிலிருந்து நுழையலாம். அதற்கு மேல் ஆளுக்கொரு உரிமம் வாங்க வேண்டும். யாரோ உடைத்துப் போட்ட பிரதியை எடுத்து, அதற்குள் எங்கள் பிள்ளைகளின் கடவுச்சொல்லை வைக்க நான் தயாரில்லை. லினக்ஸ் இலவசம் என்பதற்காக மட்டும் நாங்கள் அங்கே ஒதுங்கவில்லை. உலகத்துச் சேர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது அதில்தான். எங்கள் பிள்ளை அதே கட்டளைகளை இங்கேயே பழகிக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறாள்.

போன ஆவணியில் ஒரு அடி விழுந்தது. மேலே சொன்ன 2 டொலர் இடத்தைப் பிரதி வைப்பதற்காக விடாமல் வைத்திருந்தேன். ஒரு நாள் அது திறக்கவில்லை. மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவர்களுடைய பக்கமே இல்லை. பிள்ளைகளின் இரண்டு தவணை ஒப்படைகளின் பழைய பிரதிகள் அதோடு போயின. மூலம் சிங்கப்பூரில் இருந்ததால் தப்பினோம். நீங்கள் அனுப்பிய நான்கு லெப்டொப்பில் ஒன்று இப்போது அந்த வேலையைச் செய்கிறது: விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் போட்டிருக்கிறேன், ஒவ்வொரு இரவும் சேர்வரில் உள்ளதை இழுத்து வைத்துக்கொள்கிறது. மற்ற மூன்றும் ஜன்னலாக இருக்கின்றன. 2 ஜீ.பி. நினைவகமுள்ள கிழட்டு மெஷினுக்குப் படம் காட்டுவது பாரமில்லை. ஆக, நீங்கள் அனுப்பியதில் நான்கு வீண்போகவில்லை. உயிரில்லாத மூன்றின் கீபோட்டுகளைக்கூடப் பிள்ளைகள் கழற்றிப் பார்த்துப் படித்துவிட்டார்கள்.

கொம்பியூட்டர் நிலையம் ஒன்று கட்டித் தரலாம் என்ற யோசனையும் உங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நிலையங்களை நான் மதிக்கிறேன். 2005 இல் தொடங்கிய நெனசல திட்டம் நாடு முழுக்கப் பரவி, 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதையும் வாங்கியது. ஆனால் எங்கள் மேக்கணக்கிலிருந்து எந்த நிலையத்துக்கும் பஸ் ஏறித்தான் போக வேண்டும். கடைசி பஸ் ஐந்தே முக்காலுக்கு. கொழுந்து நிறுத்து வந்து தாய் அடுப்பு மூட்டும் நேரம் அது. தம்பியைப் பார்க்க வேண்டியவள் அக்கா. இரவு எட்டரைக்கு எல்லாரும் சாப்பிட்ட பிறகு, இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஓ.டி.ஜி. வயரில் கீபோட்டைச் செருகி, தாயின் போனில் அவள் படிக்கிறாள். சிக்னல் அறுந்தால் பயப்படுவதில்லை. மறுபடி நுழைந்தால் பாதியில் விட்ட வரி, மினுங்கும் புள்ளி உட்பட, விட்ட இடத்தில் இருக்கிறது. கட்டடத்தால் அந்த எட்டரை மணியைத் தர முடியாது.

ஆகவே கேட்கிறேன். எங்களில் யாரிடமும் டொலரில் கட்டும் அட்டை இல்லை. இதுவரை ஒரு நண்பரின் அட்டையில் கட்டி, ரூபாயைக் கையில் கொடுக்கிறேன். உங்களில் ஒருவர் அதைப் பொறுப்பெடுங்கள். ஆறு பேர் பன்னிரண்டு பேர் ஆக 8 ஜீ.பி. வேண்டும்; காவத்தைப் பக்கமிருந்து இன்னொரு தோட்டத்துப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். வருடக் காசை முன்கூட்டிக் கட்டி மலிவு பிடிக்க வேண்டாம், பட்டது போதும். பிள்ளைகளின் படம் எடுத்துப் போட வேண்டாம் என்று தாய்மார் கேட்டுக்கொண்டார்கள், அதையும் எழுதச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மணித்தியாலத்தைத் தருபவர் பெரிய பாடம் ஒன்றும் எடுக்க வேண்டாம். அதே மேசைத்தளத்தில் வந்து உட்காருங்கள். நீங்கள் ஒரு பிழையை எப்படித் தேடுகிறீர்கள், எந்தச் செய்தியை முதலில் வாசிக்கிறீர்கள், தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று அவர்கள் பார்க்கட்டும். தமிழில் பேசுங்கள், எங்கள் தமிழில். நீங்களும் லயத்துக் காம்பராவில் குப்பி விளக்கில் படித்தவர் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

சிங்கப்பூர் சேர்வரில் உங்களுக்கு இரண்டு கணக்கு திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் 'அக்கா', மற்றதன் பெயர் 'அண்ணா'. வயர்கார்ட் படத்தைத் தனியாக அனுப்புகிறேன். வருகிற சனி பின்னேரம் நாலரைக்கு அந்தப் பிள்ளை பாமினி மாற்றியைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள், இரட்டைக்கொம்பில்தான் நிற்கிறாள்.

அன்புடன்,
உங்கள் சேர்,
இரத்தினபுரி